கோட்டைபோல் ஒரு சட்டை

இஸ்திரிப் பெட்டி அணைந்துதான் இருந்தது. அணைந்து மட்டுமா, பனிக்கட்டிபோலக் குளிர்ந்து கிடந்தது.

போன வாரம் தடுப்பூசி அறை வாசலில் நின்று, "ஐயோ, இஸ்திரிப் பெட்டியை அணைக்காம வந்துட்டேன்!" என்று கூவிவிட்டுத் தையல்காரர் ஓடிய ஓட்டத்தை அந்தத் தெரு இன்னும் நூறு வருடம் பேசும். முழங்கால் வலி என்று சொல்லி மாடிப்படியையே மறந்துபோன மனிதர், வழியில் இரண்டு சைக்கிளையும் ஒரு நாயையும் முந்தினார். அந்த நாய் அவமானம் தாங்காமல் இப்போதெல்லாம் வேறு தெரு வழியாகப் போகிறதாம்.

கடைக்குள் புகுந்து துணிக் குவியலுக்குப் பின்னால் பதுங்கியவரை மனைவிதான் காலரைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"வாழ்நாள் முழுக்க ஊசியோட குடித்தனம் பண்ற ஆளு. ஒரே ஒரு ஊசிக்கு இப்படியா ஓடறது?"

"என் கையில இருந்தா அது தொழில். அடுத்தவங்க கையில இருந்தா அது ஆயுதம்" என்றார் தையல்காரர்.

ஆயுதத்தை எதிர்கொள்ளச் சொன்னவள் அவருடைய ஒரே மகள். அவளுக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஊரார் உயிரையெல்லாம் தன் காலடிப் பிரேக்கில் வைத்திருந்து பழகியவள். வீட்டிலும் அவள் ஒரு முறை காலை அழுத்தினால் எல்லோரும் நின்றாக வேண்டும்.

அப்படித்தான் ஒருநாள் அழுத்தினாள். "கக்குவான் இருமலுக்குத் தடுப்பூசி போடாத யாரும் என் குழந்தையைத் தூக்கக் கூடாது. ஜனாதிபதியே வந்தாலும் சரி, அப்பாவா இருந்தாலும் சரி."

"நான்தான் சின்ன வயசுலயே போட்டுக்கிட்டேனே?"

"லைசென்ஸ் கூடத்தான் எப்பவோ எடுத்தீங்க. புதுப்பிக்கலை? அது மாதிரிதான்பா. போடற ஊசியோட பலம் வருஷம் ஆக ஆகத் தேஞ்சு போயிடும்."

டாக்டர் சொன்னபடி அவள் சில வாரம் முன்பே ஊசி போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை வேலைக்குப் போகிற வழியில் போட்டுக்கொண்டார். மனைவி போன வாரம், கணவர் ஓடிய திசையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டபடியே கையை நீட்டிப் போட்டுக்கொண்டாள்.

இதற்கெல்லாம் மேலே, மனைவியின் தம்பி. பஸ் ஓட்டுநர். பேச்சிலும் வண்டியிலும் ஹாரன் அடித்தே முன்னேறுகிற ஆள் என்பதால் வீட்டில் பெயரே ஹாரன்தான். போன வாரம் ஒரு சாயங்காலம் சீருடையோடு கடைக்குள் வந்து, அரைக்கைக்குக் கீழே முழங்கைப் பக்கம் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தட்டிக் காட்டினார்.

"எறும்பு கடிச்ச மாதிரி கூட இல்ல அத்தான். இதுக்கா ஓடினீங்க? குழந்தை பிறந்ததும் முதல்ல தூக்கப்போறது இந்த மாமன்தான். நீங்க தூரத்துல நின்னு டாட்டா காட்டுங்க!"

தையல்காரருக்கு வயிறு எரிந்தது. பேரக் குழந்தைக்கு அவர் தைத்துக் குவித்திருந்த சட்டைகளை வரிசையாகக் கொடியில் போட்டால் ஒரு துறைமுகத்தின் கப்பல்களுக்கெல்லாம் கொடி கட்டலாம். முதல் சட்டை உள்ளங்கை அகலம். அதைக் குழந்தைக்குத் தன் கையால் போட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஊசியும் போட்டுக்கொள்ளக் கூடாது, சட்டையும் போட்டுவிட வேண்டும். இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க அவர் மூளை ஒரு வாரம் ஓவர்டைம் பார்த்தது.

அந்த வாரம்தான் இன்றைக்கு முடிந்தது.

காலையில் காரோடு வந்து நின்றாள் மகள். அப்பா எந்த மறுப்பும் சொல்லாமல், முழுக்கைச் சட்டை போட்டு, தலை வாரி, கையில் ஒரு வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு வெளியே வந்ததைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"என்னப்பா, புதுச் சட்டையா?"

"நல்ல காரியத்துக்குப் போறோம், புதுசு போடக் கூடாதா?"

"ஃபிளாஸ்க்கு?"

"தொண்டை கரகரங்குது."

மகள் அவரைப் பின் இருக்கையில் ஏற்றி, உள்ளிருந்து திறக்க முடியாதபடி குழந்தைகளுக்காக வைத்திருக்கும் பூட்டைப் போட்டாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தது அம்மா. ஆம், மகளின் புது மாணவி அம்மாதான். பக்கத்தில் மகள், வயிற்றுக்கு முன்னால் இடம்விட்டு உட்கார்ந்து, தன் பிரேக்கில் கால் வைத்திருந்தாள்.

வழியில் கார் ஒரு நடைபாதையையும் ஒரு தபால் பெட்டியையும் நலம் விசாரித்தது.

"ஊசி போடறதுக்கு முன்னாடியே என் உயிர் போயிடும்போல இருக்கு" என்றார் தையல்காரர்.

"பேசாம வாங்க. நான் கண்ணாடியைப் பார்க்கணும்" என்றாள் மனைவி, முன்னாலிருந்த லாரியைப் பார்க்காமல்.

மகள் பிரேக்கை அழுத்தினாள். லாரி பிழைத்தது.

தடுப்பூசி அறைக்கு வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். தையல்காரர் ஃபிளாஸ்க்கோடு கழிவறைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது நெற்றி செக்கச் சிவந்திருந்தது. உள்ளே போனதும் நர்ஸம்மா சிரித்த முகத்தோடு, "காய்ச்சல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

"கொதிக்குதும்மா. இன்னைக்குப் போட முடியாதுன்னு நினைக்கிறேன்" என்றார் அவர், உலகத்துச் சோகத்தையெல்லாம் குரலில் ஏற்றி.

நர்ஸம்மா சூடு பார்க்கும் கருவியை நெற்றிக்கு நேரே பிடித்தாள். கருவி ஒரு முறை கத்தியது. எண்ணைப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள்.

"இந்தச் சூடு நிஜம்னா உங்க மேலயே துணி தேய்க்கலாம். ஏன் காது ஓரமெல்லாம் தண்ணி சொட்டுது?"

மனைவி அவர் சட்டைப் பையிலிருந்து ஈரக் கைக்குட்டையை உருவினாள். இன்னும் ஆவி பறந்தது.

"இதுக்குத்தான் ஃபிளாஸ்க்கா?"

நர்ஸம்மா அந்தப் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தாள். கருவியைச் சற்று நேரம் கழித்து மறுபடி பிடித்தாள். காய்ச்சல் இல்லை. "சரி, சட்டைக் கையை மேலே ஏத்துங்க. எந்தக் கையில துணி வெட்டுவீங்க?"

"வலது."

"அப்ப இடது கை. லேசா வலிக்கும், ரெண்டு நாள்ல போயிடும்."

தையல்காரரின் கண்ணில் ஒரு மின்னல். தயாராக வைத்திருந்த கோட்டை இதுதான்.

நர்ஸம்மா கஃப்பை ஏற்றிப் பார்த்தாள். மணிக்கட்டைத் தாண்டவில்லை. பட்டனைக் கழற்றப் போனாள். பட்டன் இருந்தது, அது நுழைகிற காஜா ஓட்டை இல்லை. துணியின் மேல் பட்டன் வெறும் அழகுக்கு உட்கார்ந்திருந்தது. "சரி, சட்டையையே கழட்டிடுங்க" என்றாள். முன்பக்கப் பட்டன்களும் அப்படியே. கழுத்திலிருந்து கீழ்வரை உள்பக்கமாகத் தைத்து மூடியிருந்தது.

முந்தின நாள் மத்தியானம் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு சட்டையைத் தைத்தவர், இன்று விடிந்ததும் அதைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, தன்னைத்தானே உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். இடது கஃப்பை வலது கையால். வலது கஃப்பை இடது கையால். உலக வரலாற்றில் எந்தக் கோட்டையும் இப்படி உள்ளிருந்து பூட்டப்பட்டதில்லை.

"அடடா!" என்றார் மகிழ்ச்சியை மறைக்கத் தெரியாமல். "அவசரத்துல எப்படியோ தைச்சுட்டேன்போல. என்னம்மா பண்றது? இன்னொரு நாள் வரேன்."

மனைவி வாயைத் திறந்தாள். மகள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மகள் திட்டவில்லை. அதுதான் தையல்காரருக்கு விசித்திரமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"சரிப்பா. வீட்டுக்குப் போலாம்."

"கோபமா?"

"இல்லப்பா. பயம்னா பயம்தான். என்கிட்ட கத்துக்க வர்றவங்க எத்தனை பேரு ஸ்டியரிங்கைத் தொடவே அழுதிருக்காங்க தெரியுமா? அவங்களை நான் திட்டினதே இல்ல." வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள். "ஜன்னல் ஓரமா தொட்டிலைப் போடறேன். நீங்க வெளியில நாற்காலி போட்டு உக்காந்து பாருங்க. கண்ணாடியை மட்டும் மூடி வைக்கணும். ரெண்டு மாசம்தான். குழந்தைக்கு ஊசி போட ஆரம்பிச்சதும் நீங்க தூக்கிக்கலாம்."

"ரெண்டு மாசமா?"

நர்ஸம்மா சொன்னாள்: "பிறந்த உடனே குழந்தைக்கு இந்த ஊசியைப் போட முடியாதுங்க. ஆறு எட்டு வாரம் ஆகணும். அம்மா போட்டுக்கிட்டதுல கொஞ்சம் பாதுகாப்பு அதுக்கும் போயிருக்கும். மிச்சம், சுத்தி இருக்கிற நாமதான். பெரியவங்களுக்கு இது வந்தா வெறும் இருமல்னு நினைச்சுக்கிட்டு வேலைக்குப் போவாங்க. பச்சைக் குழந்தைக்கு வந்தா இருமக்கூடத் தெம்பு இருக்காது. மூச்சு அப்படியே நின்னு நின்னு வரும்."

 தையல்காரரின் நினைப்பு கடைக்குப் போயிருந்தது.

காலர் அளவு எடுப்பது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். வாடிக்கையாளரின் கழுத்தைச் சுற்றி டேப்பைப் போட்டு, ஒரு சாண் தூரத்தில் முகத்துக்கு முகம் நின்று, எண்ணைப் படிக்க வேண்டும். ஊரில் யாருக்கு இருமல் வந்தாலும் அது முதலில் வந்து விசாரிப்பது தையல்காரரைத்தான். இந்தக் குளிர்காலத்தில் மட்டும் எத்தனை பேர் அவர் மூக்குக்கு நேரே இருமினார்கள்! தொண்டையைச் செருமிக்கொண்டு, "தோள் கொஞ்சம் லூஸா வைங்க" என்றார்கள். அவரும் பல நாள் இருமினார். ஒரு மிளகு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த கழுத்துக்குப் போனார்.

அந்த வாயோடு குழந்தையின் முகத்தருகே குனிவதாக நினைத்துப் பார்த்தார். உள்ளங்கை அகலச் சட்டையைத் தலை வழியாக மாட்டிவிடுகிறார். அப்போது ஒரு இருமல் வருகிறது.

 ஊசியை நினைத்தபோது வந்த நடுக்கமெல்லாம் இதன் பக்கத்தில் வெறும் கொட்டாவி.

"போடுங்கம்மா" என்றார்.

யாருக்கும் காதில் விழவில்லை. மகள் எழுந்துகொண்டிருந்தாள்.

"போடுங்கங்கறேன்! இப்பவே போடுங்க, மனசு மாறறதுக்குள்ள!"

சட்டையின் கழுத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. கஃப்பைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. நர்ஸம்மா ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். மனிதர்தான் நாற்காலியோடு நகர்ந்தார், தையல் நகரவில்லை.

"தைச்சது யாரு!" என்று பெருமையாகச் சொல்ல வாயெடுத்து, நிலைமை புரிந்து, "ஐயையோ" என்றார்.

மனைவி எழுந்தாள். கைப்பையைத் திறந்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டினாள். உள்ளே கையை விட்டு, தையல் பிரிக்கும் குட்டிக் கத்தியை எடுத்தாள்.

அந்தக் கடையில் தைப்பது அவர், பிரிப்பது அவள். வாடிக்கையாளருக்கு இடுப்பு கூடினாலும், அவருக்குக் கவனம் குறைந்தாலும் துணி அவளிடம்தான் வரும். அவர் ஒரு சட்டை தைக்கிற நேரத்தில் அவள் ஒரு படைக்கே சீருடை பிரித்துப் போட்டுவிடுவாள்.

"அசையாதீங்க" என்றாள். இடது தோளில் கை சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். முகம் மாறியது. "என்னங்க இது? மூணு தையல் போட்டிருக்கீங்க?"

"கோட்டைன்னா சும்மாவா?"

"ஒரு வாடிக்கையாளருக்காவது இப்படி மூணு தையல் போட்டிருப்பீங்களா? அந்த வங்கி மேனேஜர் குனிஞ்சப்ப கால்சட்டை பின்னால கிழிஞ்சுதே, அவருக்கு ஒண்ணுதானே போட்டீங்க!"

"அவர் குனிவாருன்னு நான் கண்டேனா?"

கத்தி முனை தையலுக்குள் நுழைந்தது. சரசரவென்று நூல் விட்டது. தோளிலிருந்து கக்கம் வரை, ஒரு சுற்று. துணியில் ஒரு கீறல் இல்லை, தோலில் ஒரு கோடு இல்லை. சட்டையின் இடது கை மட்டும் உடம்பைவிட்டுப் பிரிந்து, நழுவி, மணிக்கட்டில் போய்த் தொங்கியது. நர்ஸம்மா வேலையை மறந்து வேடிக்கை பார்த்தாள்.

"இந்தாம்மா" என்று கணவரின் தோளை நர்ஸிடம் ஒப்படைத்தாள் மனைவி. "எனக்கு வழி விட்ட மாதிரி உனக்கும் விடுவாரு."

தையல்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஒரு கண்ணை மூடினார். இன்னொரு கண்ணை மூடப்போகும்போது அது நர்ஸம்மாவின் தோளில் போய் நின்றது. மூட மறுத்தது.

"ஏம்மா, இந்தச் சீருடையைத் தைச்சது யாரு?"

"ஏன், ஆஸ்பத்திரியில கொடுத்ததுதான்."

"கைக்குழியை வெட்டினவனைப் பிடிச்சு உள்ள போடணும்! கையைத் தூக்கினா இழுக்குமே?"

"ஆமா, ரொம்ப இழுக்குது. நாள் முழுக்கக் கையைத் தூக்கற வேலை வேற."

"இழுக்காம என்ன பண்ணும்? முன்னாடி குழியைக் கொஞ்சம் ஆழமா எடுத்திருக்கணும். கக்கத்துல ஒரு சின்னத் துண்டு வெச்சுத் தைச்சா போதும், கை ஆகாயம் வரைக்கும் போகும். கடைக்குக் கொண்டு வாம்மா, நான் ஒரு மணி நேரத்துல..."

"கண்டிப்பா கொண்டு வரேன். பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கோங்க."

"எதுக்குப் பஞ்சு?"

 மகள்தான் முதலில் சிரித்தாள். அடுத்து மனைவி. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். தையல்காரர் தன் தோளைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார், மேஜை மேல் கிடந்த காலி ஊசியைப் பார்த்தார்.

"இவ்வளவு மெல்லிசா? என் மெஷின்ல இருக்கறது இதுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும்!"

ஒரு வாரமாக மார்பின் மேல் உட்கார்ந்திருந்த யானை எழுந்து, சோம்பல் முறித்து, வெளியே போனது. அவ்வளவு லேசாக இருந்தது அவருக்கு. கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஒரு கை சட்டையோடும் ஒரு கை காற்றோடும் மகாராஜாபோல உட்கார்ந்தார்.

"ரெண்டு வாரத்துல நல்லா வேலை செய்ய ஆரம்பிச்சுடும்" என்றாள் நர்ஸம்மா. "பிரசவத்துக்கு அதுக்கு மேலயே நாள் இருக்கு. சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க. இதுலயே டெட்டனஸ்னு சொல்ற ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கு."

"ஒரே குத்துல மூணா? மூணு தையல் போட்டவனுக்குச் சரியான கூலிதான்."

"ஃப்ளூவுக்கு வருஷா வருஷம் ஒண்ணு போட்டுக்கணும். உங்க வயசுக்கு நிமோனியாவுக்கும், அக்கிக்கும் போடறது நல்லது. டாக்டரைப் பார்த்து எப்ப எதுன்னு கேட்டுக்கோங்க."

"என்னம்மா இது, தவணை முறையில குத்துவீங்களா?" என்றவர், அக்கி என்ற சொல்லில் நின்றார்.

அக்கியை அவருக்குத் தெரியும். போன வருடம் ஹாரனுக்கு வந்தது. விலாப் பக்கம் நெருப்பை வைத்ததுபோல, துணி பட்டாலே அலறினார். இடது பக்கமே இல்லாத ஒரு சட்டையை அவருக்காகத் தைத்தது தையல்காரர்தான். அத்தனை சத்தம் போடுகிற மச்சான், அந்த வாரங்களில் மெல்லப் பேசியது இன்னும் நினைவிருக்கிறது. "அதுக்கும் போட்டுடலாம்" என்றார் தையல்காரர். மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், நிஜமாகவே காய்ச்சலோ என்று.

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவருடைய வெறும் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு உதை.

"தாத்தாவுக்கு வாழ்த்து சொல்லுது" என்றாள்.

"உன்னை மாதிரியே பிரேக்கை அழுத்துது" என்றார் அவர். குரல் கொஞ்சம் பிசகியது. அதை மறைக்கத் தோளைத் திருப்பி, நர்ஸம்மா ஒட்டியிருந்த பிளாஸ்திரியை ஆராய்வதுபோலப் பார்த்தார்.

பார்த்தவர், பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிளாஸ்திரி தோளுக்குச் சற்றுக் கீழே இருந்தது. அரைக்கைச் சட்டை போட்டிருந்தால் துணி அதை முழுக்க மூடியிருக்கும். காட்ட வேண்டுமானால் கையைச் சுருட்டி மேலே ஏற்றித்தான் காட்ட வேண்டும்.

ஹாரனின் சீருடையைத் தைத்தது யார்? அவரேதான். அரைக்கை எங்கே முடியும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் ஹாரன் போன வாரம் கையைச் சுருட்டவில்லை. பிளாஸ்திரி கீழே, முழங்கைப் பக்கம் இருந்தது.

"ஏம்மா" என்றார் நர்ஸம்மாவிடம், "இந்த ஊசியை முழங்கைப் பக்கம் போடுவாங்களா?"

"பெரியவங்களுக்குத் தோள்ல மட்டும்தான்."

அப்போதுதான் வாசலில் அந்தப் பழகிய சத்தம். "என்ன அத்தான்! அழுதீங்களா, மயங்கி விழுந்தீங்களா? வேலை முடிஞ்சுது, தமாஷ் பார்க்கலாம்னு வந்தேன்!" சீருடையோடு உள்ளே வந்த ஹாரன், ஒற்றைக் கைச் சட்டையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது.

மகள் இருமலைக் கேட்டு நிமிர்ந்தாள்.

"வா மச்சான், வா" என்றார் தையல்காரர், தேன் ஒழுகும் குரலில். "போன வாரம் ஊசி போட்டாங்களே, எந்த இடம்? கொஞ்சம் காட்டேன்."

ஹாரன் முழங்கைப் பக்கம் விரலை வைத்தார். பிறகு அத்தானின் தோளிலிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார். விரல் மெல்ல மேலே ஊர்ந்தது. பாதி வழியில் நின்றது.

"ஏம்மா" என்று மனைவியைக் கேட்டார் தையல்காரர், கண்ணை மச்சானைவிட்டு எடுக்காமல், "அந்தக் குட்டிக் கத்தி பையிலதானே இருக்கு?"

நர்ஸம்மா இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஹாரனின் முகம் வெளுத்தது. ஓரடி பின்னால் வைத்தார்.

"ஐயோ, பஸ் இன்ஜினை அணைக்காம வந்துட்டேன்!"

திரும்பினார். வாசலில், வயிற்றை முன்னால் தள்ளி, இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டு மகள் நின்றிருந்தாள்.

"வேலை முடிஞ்சுதுன்னீங்களே மாமா?" என்றாள்.